சிங்காரியின் கதவு

அருமைநாயகம் மருந்துக்கடை வைத்திருப்பவர். வயது ஐம்பத்தொன்று. சீடராகிப் பதினோரு மாதம்தான் ஆகியிருந்தது.

அவருடைய ஆசானுக்கு முப்பத்தாறு வயது. பெயர் சுயம்புக்கனி. பகலெல்லாம் தபால் நிலையத்தில் கடிதங்களுக்கு முத்திரை குத்துவார். ஐந்து மணிக்கு மேல் தபால் நிலையத்தின் பின்கட்டில் நான்கைந்து பேர் வந்து உட்காருவார்கள். கேள்வி கேட்டவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்வார். கேட்காதவர்களுக்கு அதுவும் கிடையாது.

தன்னைவிடப் பதினைந்து வயது இளைய பெண்ணை ஆசான் என்று கூப்பிடுகிறாரே என்று கடைத்தெருவில் சிரித்தவர்கள் உண்டு. அருமைநாயகம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த ஒரு விஷயத்தில் அவருக்குப் பயமில்லை.

மற்ற எல்லாவற்றுக்கும் பயம். இடி இடித்தால் பயம். ராத்திரி போன் அடித்தால் பயம். மகள் நிறைமதி இரண்டு தடவை இருமினால் மூன்றாவது இருமலுக்குள் நெற்றியில் கை வைத்துவிடுவார். ஊருக்கே மாத்திரை கொடுக்கிறவர் இப்படிப் பயப்பட்டால் ஊர் என்னத்துக்கு ஆகும் என்று அவர் மனைவி சொர்ணம் கேலி செய்வாள்.

இந்தப் பயத்தைப் பற்றி அவர் ஆசானிடம் ஒருநாளும் பேசியதில்லை. இரக்கத்தைப் பற்றித்தான் பேசுவார். தெருநாய்களுக்கு பிஸ்கட் போடுவார். கறி மீனை விட்டுவிட்டார். விட்டதை நாலு பேருக்குச் சொல்லவும் செய்தார்.

நிறைமதிக்கு ஒன்பதாவது பிறந்தநாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. ஜூவுக்குப் போக வேண்டும் என்றாள். அவளே தபால் நிலையத்துக்குப் போய், ஜன்னல் கம்பி வழியாக ஆசானையும் கூப்பிட்டுவிட்டு வந்தாள்.

நாலு பேரும் பஸ்ஸில் போய் இறங்கினார்கள்.

அந்த ஜூ மலையடிவாரத்தில் இருந்தது. மான்களுக்கும் குரங்குகளுக்கும் புதிதாக இடம் கட்டியிருந்தார்கள். கடைசியில் பழைய கூண்டு வரிசை ஒன்று மட்டும் இடிக்காமல் மிச்சமிருந்தது. அதில் ஒரு கூண்டில் புலி. பெண்புலி. சிங்காரி என்று பலகையில் எழுதியிருந்தது. அதற்கு அடுத்த கூண்டு காலி. அங்கே இருந்த சிங்கம் செத்துப்போன பிறகு கூண்டைக் கழுவி வெள்ளையடித்து, கதவைத் திறந்து வைத்து, ‘உள்ளே நின்று புகைப்படம் எடுத்துக்கொள்ளலாம்’ என்று ஒரு போர்டு மாட்டியிருந்தார்கள்.

நிறைமதி உள்ளே ஓடப் பார்த்தாள். அருமைநாயகம் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"வேண்டாம்மா. ஒரு உயிரு கெடந்து தவிச்ச எடம். இதுக்குள்ள மனுஷன் கால் வைக்கலாமா?"

"எல்லாரும் எடுக்காங்கப்பா."

"எல்லாரும் எடுத்தா நாமளும் எடுக்கணுமா?"

ஆசான் கேட்பார் என்ற எண்ணத்தில்தான் அதைக் கொஞ்சம் உரக்கச் சொன்னார். ஆசான் கடலைக்காரரிடம் நாலு பொட்டலம் வாங்கிக்கொண்டிருந்தார்.

சிங்காரி நடந்துகொண்டிருந்தது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி. பத்து எட்டு போய்த் திரும்பும். திரும்புகிற இடத்தில் சிமென்ட் தரை வழுவழு என்று தேய்ந்திருந்தது. கூண்டின் பின்னால் இருட்டாக ஓர் உள்ளறை தெரிந்தது. இரண்டுக்கும் நடுவில் மேலிருந்து இறங்கும் இரும்புத் தட்டி.

"ஆசானே, கூண்டுல அடைச்ச மிருகம் மனசுக்குள்ள என்ன நெனைக்கும்?"

"எனக்கு எப்படித் தெரியும் அண்ணாச்சி? நான் உள்ள இருந்து பாத்ததில்லையே."

"காட்டைத்தான் நெனைக்கும். ஒரு நிமிஷம் கதவு தெறந்தா போதும், ஒரே பாய்ச்சல்ல மலைக்குப் போயிரும்."

"அப்படியா?"

"பின்னே? எந்த உயிருக்கும் விடுதலைதானே பெருசு."

ஆசான் ஒரு கடலையை உடைத்துத் தோலை ஊதினார்.

அப்போது சிங்காரி நடையை நிறுத்தியது. தலையைத் திருப்பி அருமைநாயகத்தைப் பார்த்தது. நேராக அவரை மட்டும்தான் பார்த்தது என்று அவருக்குத் தோன்றியது. நடுவில் கம்பி இருந்தது. கம்பிக்கு முன்னால் வேலி, வேலிக்கு முன்னால் பள்ளம். அவ்வளவும் இருந்தும் அவர் ஒரு எட்டுப் பின்னால் வைத்துச் சொர்ணத்தின் தோளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

யாராவது கவனித்தார்களா என்று சுற்றிலும் பார்த்தார். ஆசான் கடலை தின்றுகொண்டிருந்தார். கவனித்தாரா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

பயந்ததை மறைக்க அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். இரக்கப்பட ஆரம்பித்தார்.

"தண்ணித் தொட்டியப் பாருங்க, பாசி பிடிச்சுக் கெடக்கு. யாருப்பா அங்க? பின்னால யாரு இருக்கீங்க? உடனே இங்க வாங்க!"

கூண்டுக்குப் பின்புறமிருந்து ஒரு குரல் கேட்டது.

"இந்தா வாரேன் சார். கறி வைக்கேன்."

"இப்பவே வாங்க!"

பின்னால் இரும்புக் கதவு சாத்துகிற சத்தம் வந்தது. அதன் பிறகு அதே குரல் உரக்க, "பூட்டா?" என்று கேட்டது. அதே குரலே, "பூட்டு!" என்று பதிலும் சொன்னது. சங்கிலி கிறீச்சிட, நடுவில் இருந்த தட்டி மேலே ஏறியது. கறி வாடை பட்டதும் சிங்காரி அருமைநாயகத்தை விட்டுவிட்டு உள்ளறைக்குள் போனது.

கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு ஒருவர் சுற்றி ஓடி வந்தார். காக்கிச் சட்டை. இசக்கிமுத்து என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது.

"கேள்வியும் நீங்களே, பதிலும் நீங்களேவா?" என்று சொர்ணம் கேட்டாள்.

இசக்கிமுத்து கூச்சத்தோடு சிரித்தார். "ரெண்டு பேரு செய்ய வேண்டிய சோலிம்மா. உள்ளறைல கறிய வச்சுட்டுப் பின்கதவப் பூட்டணும். பூட்டுனவன் ‘பூட்டா’ன்னு கேக்கணும். அடுத்தவன் வந்து பூட்ட இழுத்துப் பாத்துட்டு ‘பூட்டு’ன்னு சொல்லணும். அதுக்குப் பொறகுதான் தட்டியத் தூக்கணும். கூட வேலை பாக்குற சேவியர் இன்னைக்கு லீவு. ஆளு இல்லன்னாலும் குரலு வந்துருது, பழக்க தோஷம்."

அருமைநாயகம் அதைக் கேட்கவில்லை. பாசியைப் பற்றிப் பேசினார். கம்பியைப் பற்றிப் பேசினார். இத்தனை பூட்டையும் உடைத்துப் போட வேண்டும் என்றார். "உங்கள ஒருநாள் இதுக்குள்ள போட்டு அடைச்சா தெரியும்" என்றார். இசக்கிமுத்து கைகட்டி நின்று, "சரிதான் சார்," "சொல்லிப் பாக்கேன் சார்" என்று கேட்டுக்கொண்டார். பத்து நிமிஷம் அப்படிப் போயிற்று.

"மனுஷனைச் சாப்பிட விடுங்க. அவருக்கும் நேரமாச்சு" என்றாள் சொர்ணம்.

பழைய கூண்டு வரிசைக்கு எதிரே புல்தரை. வேப்பமரத்து நிழலில் துணி விரித்து எலுமிச்சை சாதமும் கத்தரிக்காய்ப் பொரியலும் எடுத்து வைத்தார்கள். அருமைநாயகம் எறும்பு இருக்கிறதா என்று பார்த்து, பிறகு பாம்புப் புற்று இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். பிறந்தநாள்காரிக்குத் தன் அவித்த முட்டையில் பாதியையும் பிட்டு வைத்தாள் சொர்ணம்.

சாப்பிட்டு முடித்து ஆசான் கை கழுவப் போனார். குழாய் புல்தரையின் அந்தக் கடைசியில், குரோட்டன்ஸ் வேலிக்குப் பக்கத்தில் இருந்தது. ஐம்பது அறுபது எட்டு இருக்கும்.

அப்போதுதான் விசில் சத்தம் கேட்டது. தொடர்ந்து சைரன்.

ஒரு காவலாளி கூண்டுகளுக்குப் பின்புறமிருந்து ஓடி வந்தார். தொப்பி கீழே விழுந்ததைக்கூட எடுக்கவில்லை.

"சிங்காரி வெளிய வந்துட்டு! பின்கதவு தெறந்து கெடக்கு! உள்ள அதக் காணோம்!"



புலி எந்தப் பக்கம் போயிற்று என்று யாருக்கும் தெரியாது. ஆகவே ஜனங்கள் எல்லாப் பக்கமும் ஓடினார்கள். ஓடினவர்கள் எதிரே ஓடி வந்தவர்களைப் பார்த்து, அங்கேதான் புலி இருக்கிறது என்று திரும்பி ஓடினார்கள்.

"போட்டோ கூண்டுக்குள்ள போங்க! கூண்டுக்குள்ள போய்ப் பூட்டிக்கோங்க!" என்று காவலாளி கத்தினார்.

அருமைநாயகம் மகளைத் தூக்கினார். சொர்ணத்தின் கையைப் பிடித்தார். சாதத் தூக்கு உருண்டது. அவர்கள் காலி கூண்டுக்கு ஓடியபோது முன்னாலேயே பத்துப் பன்னிரண்டு பேர் உள்ளே நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். அது புலிக்கூண்டுக்கு அடுத்த கூண்டு என்பது அப்போது ஒருவருக்கும் நினைவில்லை. உயிர் வெல்லக்கட்டி அல்லவா.

கடைசியாக உள்ளே வந்தவர் அவர்தான். கதவை இழுத்துச் சாத்தினார். தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. கம்பிக்கு நடுவே கையை விட்டுத் தாழ்ப்பாளைத் தள்ளினார். இழுத்துப் பார்த்தார். இன்னொரு தடவை தள்ளினார். கையைத் தாழ்ப்பாளின் மேலேயே வைத்துக்கொண்டார்.

சைரன் நின்றது. நின்ற பிறகு இன்னும் மோசமாக இருந்தது. குரங்குகள்கூடச் சத்தம் போடவில்லை. உள்ளே இருந்தவர்களின் மூச்சுதான் கேட்டது.

"ஆசான் எங்கப்பா?" என்றாள் நிறைமதி.

அவர் மறந்தே போயிருந்தார்.

புல்தரையில் ஒருவருமில்லை. விரித்த துணியும் தட்டுகளும் அப்படியே கிடந்தன. அந்தக் கடைசியில் குரோட்டன்ஸ் வேலிக்கு முன்னால் ஆசான் தெரிந்தார். ஓடவில்லை. ஈரக் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தபடி இந்தப் பக்கம் நடந்து வந்தார். வேகமாகத்தான் நடந்தார். ஆனாலும் அந்த ஐம்பது அறுபது எட்டும் முடிவதாக இல்லை.

ஆசான் பாதி தூரம் வந்தபோது, அவருக்குப் பின்னால் வேலிச் செடி அசைந்தது.

உள்ளே ஒரு பெண், "ஐயோ" என்றாள். "அந்தா. அந்தச் செடி."

அருமைநாயகமும் பார்த்தார். காற்று இல்லை. மரத்தில் ஓர் இலை ஆடவில்லை. அந்த ஒரு செடி மட்டும் ஆடியது.

ஆசான் கதவுக்கு வந்து நின்றார். மூச்சு வாங்கியது. கம்பிக்கு இந்தப் பக்கம் அருமைநாயகம், அந்தப் பக்கம் ஆசான். நடுவில் ஒரு சாண். தாழ்ப்பாள் மேல் அவர் கை.

"தெறங்கப்பா" என்றாள் நிறைமதி.

கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தார். இரண்டு பிள்ளைகளையும் காலோடு சேர்த்துப் பிடித்திருந்தார். "தெறக்காதீங்க சார். செடி இன்னும் ஆடுது. தெறந்து மூடுறதுக்குள்ள வந்துரும்."

"நம்ம ஆசான்ங்க" என்றாள் சொர்ணம்.

"யாரா இருந்தா என்னம்மா? உள்ள பிள்ளைங்க இருக்கு. தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும்."

"அப்பா, ஆசான் வெளிய நிக்காங்க. தெறங்கப்பா."

ஒரு இழுப்பு இழுத்தால் போதும். அருமைநாயகம் இழுக்க நினைத்தார். கை தாழ்ப்பாளை உள்ளே தள்ளியது. கை தானாகத் தள்ளியது என்று பிற்பாடு நாலு பேரிடம் சொல்லிப் பார்க்கலாம். தானாக இல்லை. அவர்தான் தள்ளினார்.

"ஆசானே..." மற்றக் கையால் மான் பண்ணைப் பக்கம் காட்டினார். "ஆசானே, கேன்டீன் பக்கம் போயிருங்க. அங்க கதவு இருக்கும்."

கேன்டீன் மான் பண்ணைக்கு அப்பால் இருந்தது. அது அவருக்கும் தெரியும், ஆசானுக்கும் தெரியும்.

ஆசான் அவர் முகத்தைப் பார்த்தார். தாழ்ப்பாளில் இருந்த கையைப் பார்த்தார். திற என்று சொல்லவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை. அப்படியே திரும்பி, கூண்டு வாசலில் இருந்த சிமென்ட் படியில் உட்கார்ந்துகொண்டார். முதுகு கூண்டுப் பக்கம். முகம் செடிப் பக்கம்.



அருமைநாயகம் அந்த முதுகைப் பார்த்தபடி நின்றார். கழுத்துக்குக் கீழே ரவிக்கை வியர்வையில் நனைந்திருந்தது. புலி வந்தால் முதலில் அங்கேதான் வரும். அவர் இப்போதும் திறக்கலாம். ஒவ்வொரு நிமிஷமும் அவரால் திறக்க முடிந்தது. ஒவ்வொரு நிமிஷமும் திறக்காமல் நின்றார்.

செடி விலகியது. உள்ளே இரண்டு பேர் அலறினார்கள். கட்டம் போட்ட சட்டைக்காரர் பிள்ளைகளின் கண்ணைப் பொத்தினார்.

ஒரு பெண்மயில் வெளியே வந்தது. புல்லைக் கொத்தியது. துணிமேல் கிடந்த எலுமிச்சை சாதத்தைப் பார்த்துவிட்டு அதைத் தின்னப் போனது.

யாரும் சிரிக்கவில்லை. புலி இன்னும் எங்கோ இருந்தது.

"இப்பவாவது தெறங்கப்பா" என்றாள் நிறைமதி.

"இப்ப தெறந்தா சத்தம் கேக்கும்மா."

"கேட்டா என்ன?"

அவர் தாழ்ப்பாளை இன்னொரு தடவை தடவிப் பார்த்தார்.

படியிலிருந்து ஆசானின் குரல் வந்தது. திரும்பாமலே பேசினார். மெல்லப் பேசினார்.

"அண்ணாச்சி."

"ஆசானே."

"இப்ப மனசுல என்ன ஓடுது?"

பொய் சொல்ல அவருக்குத் தெம்பில்லை. "தாழ்ப்பாள் சரியா விழுந்திருக்கான்னு ஓடுது."

"காடு மலை எதுவும்?"

"இல்ல. தாழ்ப்பாள் மட்டும்தான்."

"சரி. ஒரு தடவ பாத்துக்கோங்க."

அவர் பார்த்துக்கொண்டார். அழுகை வந்தது. அழுதுகொண்டே பார்த்துக்கொண்டார்.

அப்படி முக்கால் மணி நேரம் போயிற்று. நிறைமதி அப்பாவின் சட்டையைப் பிடித்திருந்தவள், எப்போது விட்டாள் என்று தெரியவில்லை. கம்பிக்கு நடுவே கையை நீட்டி ஆசானின் சேலைத் தலைப்பு நுனியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இசக்கிமுத்து கூண்டு வரிசைக்குப் பின்னாலிருந்து நடந்து வந்தார். கையில் தடியும் இல்லை, வலையும் இல்லை. முகம் மட்டும் சாம்பலாக வெளுத்திருந்தது.

"எல்லாரும் வெளிய வாங்க. பயப்பட ஒண்ணுமில்ல. சிங்காரி உள்ளதான் இருக்கு. பின்கதவப் பூட்டியாச்சு."

"பிடிச்சிட்டீங்களா?" என்றார் கட்டம் போட்ட சட்டைக்காரர்.

"பிடிக்கறதுக்கு அது போனாத்தானே சார்? எங்கயும் போகல. உள்ளறை மூலைல, கறித் தொட்டிக்குப் பின்னால ஒண்டிக் கெடக்கு. இருட்டுல அந்தக் காவக்காரருக்குத் தெரியல. கதவு தெறந்து கெடந்ததும் கத்திட்டாரு."

"கதவு எவ்வளவு தெறந்து கெடந்துச்சு?" என்று கேட்டாள் சொர்ணம்.

"விரியத் தெறந்து கெடந்துச்சும்மா. ஒரு மாடு போகலாம். அந்தப் பக்கம் வேலியும் கெடையாது, நேரா மலைதான். காவக்காரரு பாக்குறதுக்கு முன்னாலயே அரை மணி நேரமாத் தெறந்துதான் கெடந்திருக்கும். வாசல் வரைக்கும் வந்து நின்ன தடம் இருக்கு. நின்னு பாத்துட்டுத் திரும்பிப் போயிருக்கு."

"எப்படித் தெறந்துச்சு?"

இசக்கிமுத்து தலையைக் குனிந்துகொண்டார். "சார் கூப்பிட்டாங்க. அவசரத்துல கதவச் சாத்துனேன், பூட்ட மாட்டல. நானே ‘பூட்டா’ன்னு கேட்டு, நானே ‘பூட்டு’ன்னு சொல்லிட்டேன். அடுத்தவன் குரல் வரணும்னு எதுக்கு வச்சிருக்கான்னு இப்பத் தெரியுது. தப்பு எம்மேலதான்."

எந்த சார் என்று அவர் கைகாட்டவில்லை. அருமைநாயகத்துக்குக் கை காட்ட வேண்டியிருக்கவில்லை.

இசக்கிமுத்து தாழ்ப்பாளை இழுக்க வந்தார். அருமைநாயகத்தின் விரல்கள் அதை விடவில்லை. சொர்ணம்தான் கம்பி வழியாகக் கை விட்டு ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணமான பதினாறு வருஷத்தில் அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

கதவு திறந்தது. ஜனங்கள் வெளியேறினார்கள். கட்டம் போட்ட சட்டைக்காரர் ஆசானைச் சுற்றிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி போனார்.

நிறைமதி ஓடிப்போய் ஆசானுக்கு முன்னால் நின்றாள். "உங்களுக்குப் பயமா இல்லையா?"

"இருந்துச்சே. கால் இன்னும் நடுங்குது பாரு. அதான் எந்திரிக்கல."

நிறைமதி அந்த முழங்காலின் மேல் கை வைத்துப் பார்த்தாள். நடுங்கத்தான் செய்தது. அது நிற்கும்வரை கையை எடுக்காமல் நின்றாள். பிறகு சிங்காரியைப் பார்க்க வேண்டும் என்றாள். இசக்கிமுத்து முன்னால் போக, சொர்ணம் அவளை அடுத்த கூண்டுக்குக் கூட்டிப் போனாள்.

போகும்போது மகள் திரும்பிப் பார்ப்பாள் என்று அருமைநாயகம் காத்திருந்தார். அவள் திரும்பவில்லை.

கூண்டு காலியாகிவிட்டது. அவர் மட்டும் உள்ளே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். படியில் ஆசான் அதே மாதிரி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

அடுத்த கூண்டில் பேசுவது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தெளிவாகக் கேட்டது.

"ஏன் அது நடுங்குது?" நிறைமதியின் குரல்.

"சைரன் சத்தம் பாப்பா. ரொம்பப் பயந்துபோச்சு." இது இசக்கிமுத்து.

"கூப்பிடுங்களேன்."

"கூப்பிட்டா இன்னும் உள்ள ஒடுங்கும். மெரட்டுனா மேல விழுந்து பிடுங்கிரும்."

"நீங்க ஏன் அதுக்கு முதுகக் காட்டி உக்காந்திருக்கீங்க?"

"பயந்ததோட மூஞ்சியப் பாக்கக் கூடாது பாப்பா. அதுக்குத் தாங்காது. முதுகக் காட்டிச் சும்மா உக்காந்துக்கணும். நான் இங்கதான் இருக்கேன், ஒண்ணும் செய்ய மாட்டேன்னு அதுக்குத் தெரியணும். பொறகு அதுவா வரும்."

"எவ்வளவு நேரமாகும்?"

"இது குட்டியா வந்தப்ப நாலு மாசம் ஆச்சு."

அருமைநாயகம் தனக்கு முன்னால் இருந்த முதுகைப் பார்த்தார். ரவிக்கையில் வியர்வை காய்ந்து உப்புப் பூத்திருந்தது.

"ஆசானே."

"ம்."

"நான் தெறக்கல."

"ஆமா."

"எம்பொண்ணு பாத்தா."

"அவ பாத்தா. நானும் பாத்தேன்."

"பாத்தும் ஏன் ஒரு வார்த்தை தெறங்கன்னு சொல்லல? நீங்க சொல்லியிருந்தா..."

"தெறந்திருப்பீங்களா?"

ஆம் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது.

"மாட்டேன்" என்றார்.

புல்தரையில் மயில் தட்டைக் கவிழ்த்தது.

"இரக்கம் இரக்கம்னு பதினோரு மாசம் உங்க முன்னால உக்காந்து பேசியிருக்கேன். எல்லாத்துக்கும் அடியில பயந்தான் இருந்திருக்கு. வெக்கமா இருக்கு ஆசானே. எம்மூஞ்சி உங்களுக்குப் பாக்கப் பிடிக்காது."

"நான் அதப் பாத்துக்கிட்டா உக்காந்திருக்கேன்?"

அருமைநாயகம் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டார். நாளை விடியும், கடை திறப்பார், மாத்திரை கொடுப்பார். சாயங்காலம் ஐந்து மணி ஆகும். ஆனால் மணி ஐந்தானால் எங்கே போவது என்பதை நினைத்தபோது, புலியை நினைத்து வந்த பயத்தைவிடப் பெரிய பயம் வந்தது.

"ஆசானே, நாளைக்கு நான் பின்கட்டுக்கு வரலாமா?"

ஆசான் படியிலிருந்து எழுந்தார். சேலையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டினார். அப்போதும் திரும்பிப் பார்க்கவில்லை.

"நாளைக்குள்ளத நாளைக்குப் பாப்போம். மொதல்ல இதுக்குள்ள இருந்து வாங்க அண்ணாச்சி. கதவு தெறந்து கால் மணி நேரமாச்சு."